குட்டி யானையில் வந்த மெஷின்

துணி துவைக்கிறவர்கள் யாரும் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஏது நேரம்? 1767இல் ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் நகரில் அப்படியோர் இயந்திரத்துக்குப் படம் போட்டு, புத்தகமாகவே அச்சிட்டு வெளியிட்டவர் யாக்கோப் கிறிஸ்டியான் ஷேஃபர் என்கிற பாதிரியார். பிரசங்கம் போக மீதி நேரத்தில் காளான் ஆராய்ச்சி, பூச்சி ஆராய்ச்சி. குளவிக்கூட்டிலிருந்து காகிதம் செய்துகூடப் பார்த்தவர். இத்தனைக்கும் நேரம் ஒதுக்கிய மனிதர் தன் அங்கியைத் தானே கசக்கிப் பிழிந்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அடுத்தவர் துவைப்பதைப் பார்க்கிறவனுக்குத்தான் ‘இதை இன்னும் சுலபமாகச் செய்யலாமே’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அன்று சோறு வர வெகுநேரமானது.

நான் ஜவ்வாது மலையில் வாத்தியார் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் கீழே இறங்க மனமில்லாமல் ஜமுனாமரத்தூர் பக்கமே தங்கிவிட்டவன். சென்னையிலிருக்கும் மகன், அம்மா கல்லில் துவைப்பதை வீடியோ காலில் பார்த்து மனம் உருகி, ஒரு வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பினான். சாதாரண மெஷின் இல்லை, ஃபுல்லி ஆட்டோமேட்டிக். போளூரில் குட்டி யானையில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் கயிறு தளர்ந்து தளர்ந்து, சாமி ஊர்வலத்துக்குரிய வேகத்தில் மேலே வந்து சேர்ந்தது. வண்டிக்குப் பின்னால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்தார்கள்.

மாட்டிக் கொடுக்க வந்த பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“சார், டேங்க் எவ்ளோ உசரத்துல இருக்கு?”

எங்கள் டேங்க் தரையில் இருக்கிறது. அதற்குப் பெயர் கிணறு.

பையன் கொஞ்ச நேரம் மௌனமாக நின்றான். பிறகு, மெஷினுக்குள்ளே தண்ணீரை மேலே இருந்து ஊற்றினாலும் அது ஏற்றுக்கொள்ளும், அளவு தெரிந்ததும் தானே ஓடத் தொடங்கும் என்று விளக்கினான். என் மனைவி கிணற்றுக்கும் மெஷினுக்குமாகக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். மெஷின் திருப்தியாகச் சுற்றியது. பத்து நிமிஷம் சுற்றிவிட்டு, ‘கர்’ரென்று ஒரு சத்தம் போட்டு, ஊற்றிய தண்ணீர் அத்தனையையும் வெளியே விட்டுவிட்டு, மறுபடி தண்ணீர் கேட்டு பீப் அடித்தது.

“என்னங்க, நான் தூக்கிட்டு வந்த தண்ணிய ஒரு வார்த்தை கேக்காம கொட்டிடுச்சு!”

அலசுவதற்கு அது இன்னும் இரண்டு தடவை தண்ணீர் கேட்கும் என்பதை அந்த நேரத்தில் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பையன் கையெழுத்து வாங்கிக்கொண்டு குட்டி யானையில் தாவி ஏறினான்.

சுத்தம் செய்யும் சாதனங்களின் சரித்திரத்தை எடுத்துப் பார்த்தால் எல்லாம் இதே கதைதான். அழுக்கு அழிவதில்லை, இடம் மாறுகிறது. வேலையும் அப்படியே, ஆள் மாறுகிறது. இதை முதலில் சரியாகப் பிடித்தவர் என்று ஹூபர்ட் செசில் பூத் என்கிற ஆங்கிலேய இன்ஜினியரைச் சொல்வேன். லண்டனில் ஒருவர் தூசி நீக்கும் இயந்திரம் என்று ஒன்றைக் காட்டினார். அது காற்றை ஊதியது. தூசி பறந்தது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. ‘ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன?’ என்று பூத் கேட்டார். நடக்காத காரியம் என்று பதில் வந்தது. பூத் நேரே ஓர் உணவகத்துக்குப் போய், நாற்காலி மெத்தைமேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். இருமல் வந்தது. கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. வேக்குவம் கிளீனர் பிறந்துவிட்டது. அந்த உணவகத்தில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை யாராவது எழுதி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1901இல் காப்புரிமை. ஆனால் இயந்திரம் வீட்டுக்குள் நுழையாது. குதிரை வண்டியில் தெருவில் நிற்கும், குழாய்கள் ஜன்னல் வழியாக உள்ளே போகும். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக் கம்பளத்தைச் சுத்தம் செய்தது இதுதான். பணக்காரச் சீமாட்டிகள் தங்கள் வீட்டுத் தூசி வெளியேறுவதைப் பார்க்கத் தோழிகளைத் தேநீருக்கு அழைத்தார்களாம். இங்கே யார் வீட்டிலாவது தூசியைக் காட்ட விருந்தாளியைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஷேஃபரைப் போல் அல்லாமல், சொந்தக் கோபத்தில் கண்டுபிடித்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்துச் சீமாட்டி ஜோசஃபின் காக்ரன். பரம்பரைப் பீங்கான் தட்டுகளை வேலைக்காரர்கள் கழுவும்போது ஓரம் உடைந்தது. தானே கழுவிப் பார்த்தார். அலுத்துவிட்டது. விளைவு, 1886 டிசம்பரில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசும் வாங்கினார். ஆனால் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஓட்டல்காரர்கள். பல வீடுகளில் அந்த இயந்திரத்துக்கு வேண்டிய அளவு வெந்நீர் கிடையாது. இதைப் படித்தபோது எனக்கு இலினாய் ஜமுனாமரத்தூருக்கு மிக அருகில் இருப்பதாகப் பட்டது. அந்த அம்மாள் எங்கள் வீட்டில் பிறந்திருந்தால் கண்டுபிடிப்பே நடந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். எவர்சில்வர் தட்டு எங்கே உடையும்? நசுங்கும். நசுங்கினாலும் சோறு நிற்கும்.

எங்கள் மலையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மலையிலேயே மிகவும் மரியாதையான குளியல் காவலூரில் நடக்கிறது. ஆலங்காயத்திலிருந்து ஏறி வந்தால் காட்டுக்கு நடுவே வைணு பாப்பு வானாய்வகம். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய இடம். இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இங்கேதான் இருக்கிறது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து வானியலாளர் பாப்புவின் பெயரைச் சூட்டிவிட்டுப் போனார். அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடிக்கு முகத்தில் பூசியிருப்பது அலுமினியம். பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். காற்றும் ஈரமும் தூசியும் பட்டு நாளாக நாளாக அது மங்கும். மங்கினால் ராத்திரி ஒளி குறையும். இப்படிப்பட்ட கண்ணாடிகளைக் கழற்றி, காரக் கரைசல் ஊற்றிப் பழைய அலுமினியத்தைக் கரைத்தெடுத்து, சுத்த நீரில் அலசி, துளி கறை இல்லாமல் உலர்த்தி, பிறகு காற்றை எல்லாம் வெளியேற்றிய பெரிய கலத்துக்குள் வைத்து, அலுமினியத்தை ஆவியாக்கிப் புதிதாகப் படிய வைப்பார்கள். அந்தக் கலம் காவலூரிலேயே இருக்கிறது. கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு நலங்கு கிடையாது.

ஆனால் எனக்கு அதில் பிடித்த சங்கதி வேறு. தொலைநோக்கிக்காரர்களின் முதல் விதி, முடிந்தவரை கண்ணாடியைத் தொடாதே என்பது. தூசி ஒளியைக் கொஞ்சம்தான் தின்னும். துடைக்கப் போனால் அந்தத் தூசியே கீறிவிடும், கீறல் போகவே போகாது. உலகத்தில் சில ஆய்வகங்களில் கார்பன் டை ஆக்சைடு பனித்தூளைத் தூவித் தூசியை உதிர்ப்பார்களே தவிர, துணியைக் கிட்டே கொண்டுவர மாட்டார்கள்.

இந்த அறிவியல் உண்மையை வீட்டில் எடுத்துச் சொன்னேன். எங்கள் ஷோகேஸை நான் துடைக்காமல் இருப்பது சோம்பேறித்தனமில்லை, சர்வதேச நடைமுறை என்று விளக்கினேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள்.

“அவங்க நட்சத்திரம் பாக்கறாங்க. உங்க ஷோகேஸ்ல இருக்கறது நல்லாசிரியர் விருது. தொடச்சாத்தான் அது விருதுன்னே தெரியும்.”

மலைக்கு மேலே இப்படி என்றால் அடிவாரத்தில் வேறு மாதிரி. வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளுக்குள்ளே ஓர் அறை உயரத்துக்கு மர டிரம்கள் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே முளை முளையாகக் கட்டைகள். தோலும் தண்ணீரும் மருந்தும் சேர்ந்து மேலே ஏறி, தொப்பென்று விழுந்து, மறுபடி ஏறும். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் செய்வதும் இதே வித்தைதான், அதில் சட்டை, இதில் ஆட்டுத்தோல். அமெரிக்காவில் ஜேம்ஸ் கிங் என்பவர் 1851இல் கையால் சுற்றும் டிரம்மில் துணி துவைக்கக் காப்புரிமை வாங்கினார். டிரம் சுற்றினால் துவைக்கிறவனுக்குத் தோள் மிச்சம், அவ்வளவுதான் சூத்திரம். மிச்சமாகும் தோள்களின் கணக்கில் தண்ணீரைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. டிரம்மிலிருந்து வெளியேறிய தண்ணீர் பாலாற்றுப் பக்கம் போனது. கிணறுகள் கெட்டன. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. கழிவைச் சுத்தம் செய்யாமல் தொழில் நடத்தக் கூடாது, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. தோலைக் கழுவிய தண்ணீரைக் கழுவ இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. அதில் மிஞ்சும் உப்பையும் சேற்றையும் என்ன செய்வது என்பது அதற்கடுத்த கேள்வி. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே போகலாம்.

மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் உண்டு என்று நினைக்காமல் ஆரம்பித்தவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தின் மலப்புரத்தில் ரம்யா ஜோஸ் என்கிற பள்ளி மாணவி. வீட்டில் துவைக்கிற வேலை தலைமேல் விழுந்தது. சைக்கிள் பெடலை மிதித்தால் உள்ளே இருக்கும் கூடை சுற்றுகிற மாதிரி ஒரு மெஷின் செய்தார். தேசியப் புத்தாக்க அறக்கட்டளை விருது கொடுத்துப் பாராட்டியது. துவைக்கிறவர்களுக்கு யோசிக்க நேரமில்லை என்று ஆரம்பத்தில் நான் எழுதியதை அந்தப் பெண் பெடல் மிதித்தே பொய்யாக்கிவிட்டார்.

இன்னொன்று நம் தமிழ்நாட்டுச் சங்கதி. நவ்ஜோத் சாஹ்னி என்கிற பிரிட்டன் சீக்கிய இன்ஜினியர், டைசன் கம்பெனியில் வேலை பார்த்தவர். பையில்லாத வேக்குவம் கிளீனருக்காக ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார் என்று பெருமையாகச் சொல்லும் கம்பெனி அது. சாஹ்னி அந்த வேலையை விட்டுவிட்டு, ஆரோவில் அருகே குயிலாப்பாளையத்தில் தங்கி, புகை குறைந்த அடுப்புகள் செய்யும் வேலையில் சேர்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண் தினமும் கையால் துவைத்து முதுகுவலியில் அவதிப்படுவதைப் பார்த்தார். ஒரு மெஷின் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். பெரும்பாலான ஆண்களின் கதை இங்கேயே முடிந்துவிடும். இவர் 2018இல் அதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கி, கைப்பிடியைச் சுற்றினால் துவைத்துப் பிழியும் மெஷினைச் செய்தார். அந்தப் பெண்ணின் பெயரையே அதற்கு வைத்தார், திவ்யா. அது இராக்கின் அகதி முகாம்வரை போயிருக்கிறது. ‘எப்படியும் துவைக்க ஒரு கை வேண்டும், அது முதுகை வளைக்காமல் இருக்கட்டும்’ என்று நினைத்த மெஷின் என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு.

இதையெல்லாம் மேட்டுக்கொல்லைப் பாட்டியிடம் சொன்னேன். பாட்டிக்குச் சாமைக் கொல்லை இருக்கிறது, அதைவிட அதிகமாக நேரம் இருக்கிறது. காட்டில் பொறுக்கிய பூந்திக்கொட்டையைத் தண்ணீரில் கசக்கி நுரை எழுப்பிக்கொண்டே கேட்டது.

“இன்னா வாத்தியாரே, கண்டுபுடிச்சா காயிதம் குடுப்பாங்களா?”

“ஆமாம் பாட்டி. கிண்டியில ஆபீஸ் இருக்கு. காப்புரிமைன்னு பேரு.”

“எனக்கும் எழுதிப் போடேன். எங்காயா காலத்துலேர்ந்து இதுலதான் தொவைக்கிறோம்.”

அங்கேதான் சிக்கல். நம் காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், எதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பாரம்பரிய அறிவு அதில் ஒன்று. பூந்திக்கொட்டையில் நுரைப்பது சப்போனின், பித்தளைச் செம்பில் களிம்பை எடுப்பது புளியின் அமிலம், அடுப்புச் சாம்பலில் எண்ணெய்ப் பிசுக்கை அறுப்பது காரம். எல்லாம் அச்சு அசல் வேதியியல். ஆனால் உங்கள் ஆயாவுக்கும் தெரியும் என்றால் காகிதம் கிடையாது.

“அப்போ எங்காயாவுக்குத் தெரியாத மாதிரி சொல்லேன்” என்றது பாட்டி.

வக்கீல்கள் மாதக்கணக்கில் யோசித்து எழுதும் விண்ணப்பங்களின் சாரம் இதுதான் என்று எனக்குப் பட்டது.

நம் மெஷின் கதைக்கு வருகிறேன். குடம் தூக்கும் படலம் சில நாளில் நின்றது. மனைவி பழையபடி கல்லுக்கே போய்விட்டாள். ‘கல்லு தண்ணிய வெளிய கொட்டிட்டு பீப் அடிக்காது’ என்பது அவள் கட்சி. மெஷின் மேல் ஒரு துண்டு விரித்து, அதன்மேல் முறம் வைத்தாயிற்று. கடையில் சொன்னபடி அதற்குள் அவ்வப்போது ஒரு பவுடரைப் போட்டு வெறுமனே ஓடவிட்டுக் கழுவ வேண்டுமாம், வடிகட்டியில் சேரும் நூல்குப்பையை எடுக்க வேண்டுமாம். துவைக்காத மெஷினையும் துவைக்க வேண்டும் என்கிற விதியைக் கேட்ட அன்று மனைவி சிரித்தது பக்கத்துக் கொல்லைவரை கேட்டது.

அப்போதுதான் ஐப்பசி வந்தது. எங்கள் வீட்டில் தீபாவளி நோன்புக்கு அதிரசம் இல்லாமல் ஆகாது. அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் உலர்த்தி, லேசான ஈரத்தோடு இடிக்க வேண்டும். ஈரம் அதிகமானால் மாவு களியாகும். எங்கள் மலையில் ஐப்பசி மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது நிழல்தான் உண்டு, உலர்வது கிடையாது. மனைவி அரிசியைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். முறத்தை எடுத்துக் கீழே வைத்தாள்.

என் பழைய வேட்டியில் அரிசியை மூட்டை கட்டி உள்ளே வைத்து, ‘ஸ்பின்’ மட்டும் போட்டாள். மெஷின் சுற்றத் தொடங்கி, வேகம் பிடித்து, தடதடவென்று ஆடி, சுவரோரத்திலிருந்து நகர்ந்து அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டது. ஒரே பக்கம் பாரம் இருந்தால் அது அப்படித்தான் நடக்கும். எதிர்ப்பக்கத்துக்குச் சமமான எடையில் இன்னொரு மூட்டை வேண்டும். பாட்டி வீட்டு அரிசி வந்தது. இரண்டு மூட்டையும் எதிரெதிரே உட்கார்ந்ததும் மெஷின் ஒரு முனகல்கூட இல்லாமல் சுற்றியது. திறந்து கையில் எடுத்தால் அதிரசப் பக்குவம், இடித்த மாவு பிசுபிசுக்கவில்லை, உதிரவும் இல்லை. அடுக்களையில் எங்கள் மெஷின் செய்த முதல் உருப்படியான வேலை அது.

இதில் ஒன்றும் அதிசயமில்லை. பஞ்சாபில் சில தாபாக்களில் வாஷிங் மெஷினில் லஸ்ஸி கடைகிறார்கள். சீனாவின் சிச்சுவானில் விவசாயிகள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வாஷிங் மெஷினில் கழுவி, வடிகுழாயை மண்ணால் அடைத்துக்கொண்டே இருந்தார்கள். அங்கே போய்ப் பார்த்த ஹையர் கம்பெனிக்காரர்கள் விவசாயியைத் திட்டவில்லை. குழாயைப் பெரிதாக்கி, கிழங்கும் கழுவும் மெஷின் என்றே 1998இல் ஒன்றை விற்பனைக்கு விட்டார்கள். ஷேஃபர் பாதிரியார் படம் போட்டபோது லஸ்ஸியையும் கிழங்கையும் நினைத்திருக்க மாட்டார். சாமான் என்னத்துக்கு என்று முடிவு செய்கிறவர்கள் சாமானை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள்தான்.

செய்தி ஊருக்குள் பரவ அதிக நேரம் ஆகவில்லை. மூட்டைகள் ஜோடி ஜோடியாக வர ஆரம்பித்தன. எடை சமமாக இருக்க வேண்டும் என்பதால், சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன இரண்டு வீட்டுக்காரர்கள்கூட ஒன்றாக வந்து வாசலில் நின்றார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். கரண்ட் இருக்கிறதா, மழை நின்றதா என்று பார்த்து நோட்டில் வரிசை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. வருகைப் பதிவேடு எழுதிய கை, வேலை சுலபமாகவே இருந்தது. மனைவி காசு வாங்கவில்லை. மூட்டைக்கு நாலு அதிரசம் என்று பேச்சு.

இதைக் கேள்விப்பட்ட மகன் போனில் பதறினான். உத்தரவாதச் சீட்டை எடுத்துப் படிக்கச் சொன்னான். அதில் பொடி எழுத்தில், வீட்டு உபயோகத்துக்கு மட்டும், வணிகப் பயன்பாட்டுக்கு வைத்தால் உத்தரவாதம் செல்லாது என்று போட்டிருந்தது. மூட்டைக்கு நாலு அதிரசம் வணிகமா, வெறும் அக்கம்பக்கத்து உபகாரமா என்று அவனும் நானும் நெடுநேரம் வாதம் செய்தோம். கம்பெனியிலிருந்து ஆள் வந்து ஆதாரத்தோடு பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று பதறினான். நான் தைரியம் சொன்னேன். ஆதாரம் எல்லாவற்றையும் நான் அப்போதைக்கப்போது சாப்பிட்டுக்கொண்டுதான் வருகிறேன்.